விருத்தத்துக்கு வேறு ஹெட்போன்

ஆறாவது முறையும் கோவிந்தம்மாளின் குரல் சுருதிக்குக் கீழே இறங்கியது.

என் முன்னால் இருந்த திரையில் ஹார்மோனியச் சுருதி ஒரு நேர்கோடு. அவருடைய குரல் பச்சைக் கோடு. விருத்தத்தின் முதல் அடியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாம் அடியில் பச்சை மெல்ல விலகியது. நான்காம் அடி முடியும்போது நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

சிவப்பிரகாசம் அண்ணன் பதிவை நிறுத்தினார். ஸ்டுடியோ அவருடையது, நான் ஏழு மாதமாக அவரிடம் வேலை செய்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோவிந்தம்மாள் மைக்கின் முன்னால் நின்றிருந்தார். காதில் பெரிய கறுப்பு ஹெட்போன். தோடு அழுத்துகிறது என்று தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தார். பாடியது எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

“ரெண்டு இருவது வண்டி வருது,” என்றார் அண்ணன். “போவட்டும்.”

திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்புறம், டைல்ஸ் கடை மாடியில் இருக்கிறோம். ரயில் போனால் தரை அதிரும். அந்த அதிர்வு மைக்கில் விழும். அதனால் இங்கே எல்லாப் பதிவும் இரண்டு வண்டிகளுக்கு நடுவில்தான். சுவரில் வண்டி நேரம் ஒட்டியிருக்கிறோம். கூட்ஸுக்கு நேரம் கிடையாது. அது வந்தால் வந்ததுதான்.

எனக்குப் பின்னால் நாற்காலியில் தணிகைமணி உட்கார்ந்திருந்தார். கனகம்மாசத்திரம் பக்கத்துக் காவடிக் குழு ஒன்றுக்கு அவர்தான் தலைவர், பம்பைக்காரரும் அவர்தான். கோவிந்தம்மாளின் அக்காவைக் கட்டியவர். கோவிந்தம்மாள் அவரைப் பாவா என்று கூப்பிடுவார்.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள். பதினோரு வருடமாக அந்தக் குழு மலையேறும்போது முதல் படியில் நின்று விருத்தம் எடுப்பவர் கோவிந்தம்மாள். வயல் வேலைக்குப் போகிறவர். பாட்டு யாரிடமும் கற்றதில்லை. விருத்தத்தின் நான்கு அடிகளும் அவரே கட்டியவை. கூட்டத்தில் பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்பதில்லை என்று இந்த வருடம் குழு ஒரு வண்டி ஏற்பாடு செய்திருந்தது. அதில் ஸ்பீக்கர் வைத்து, பதிவு செய்த பாட்டைப் போட்டுக்கொண்டு அடிவாரம் வரை வரப்போகிறார்கள். பதிவில் யார் குரல் இருக்கிறதோ அவர்தான் இனிமேல் குழுவின் பாட்டுக்காரி. காலையில் வந்ததும் தணிகைமணி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கோவிந்தம்மாள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தணிகைமணியிடம் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அரக்கோணத்தில் சாய்லக்ஷ்மி என்று ஒரு பெண், கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறவள். மூன்று மணிக்குள் போன் செய்தால் மூன்று பத்து வண்டியில் ஏறி வந்துவிடுவாள். விருத்தத்தின் வரிகளை வாட்ஸப்பில் ஏற்கெனவே அனுப்பியாயிற்று.

“இன்னா சிவா, குரலுக்கு வயசாயிருச்சா?” என்றார் தணிகைமணி.

நாங்கள் பேசுவது உள் அறைக்குக் கேட்பதற்கு ஒரு பட்டன் உண்டு. அதை அண்ணன் அணைக்க மறந்திருந்தார். கோவிந்தம்மாளின் கை மட்டும் ஹெட்போனின் வயரை ஒருமுறை சுற்றியது. பிறகு அதை விட்டுவிட்டது.

ரயில் வந்தது. மேஜை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. அந்தக் கனத்த சத்தத்தில்தான் குரல் இறங்குவதற்குக் காரணம் எனக்குப் புரிந்தது.

தப்பு என்னுடையது.

சித்திரை மாதம் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி நான்கு ஹெட்போன்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி மூன்று நாள் விட்டுவிட்டுப் போனார். பிசிக்ஸ் படித்தவள் நீதானே, நீயே கேட்டுச் சொல் என்று அண்ணன் என்னிடம் ஒப்படைத்தார். சொல்வது எனக்கு வராது. எழுதுவது வரும். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். இடப்பக்கம் ஹெட்போன்கள். மேலே பாட்டு வகைகள். நாதஸ்வரத்தைக் கறுப்பில் கேட்டால் தகர டின்னுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. பின்பக்கம் திறந்திருக்கும் வெள்ளி நிறத்தில் அதே வாசிப்பு கல்யாண மண்டபத்தில் கேட்பதுபோல் விரிந்தது. கானாவுக்குச் சின்ன இயர்போன் போதும். சொற்கள் முன்னால் வந்து நின்றன. மெல்லிசைக்குச் சாம்பல் நிறம். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பம்பைக்குக் கறுப்புதான். அடியின் கனம் நெஞ்சில் வந்து இடித்தது. காதை முழுதாக மூடிக்கொள்வதால் வெளியே சத்தம் கசியவும் இல்லை.

எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி காவடிப் பாட்டு. அண்ணன் கறுப்பை வாங்கினார். என் தாளை வண்டி நேரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டினார்.

அந்தத் தாளில் விருத்தத்துக்குக் கட்டம் கிடையாது. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான் மலையடிவாரத்தில் பிறந்தவள். விருத்தம் முடிகிற இடத்தில் பம்பை விழும். அதற்காகத்தான் காத்துக்கொண்டு நிற்போம். பம்பை எழுதியாயிற்று என்றால் விருத்தமும் எழுதியாயிற்று. வெளியூர்க்காரர் யாராவது கேட்டு எழுதியிருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்.

விருத்தத்தில் தாளம் இல்லை. நீண்ட குரலும் சுருதியும் மட்டுமே. கறுப்பு ஹெட்போன் கீழ் ஒலிகளைப் பெரிதாக்கிக் கொடுக்கும். பம்பைக்காகக் காலையில் நாங்கள் அதன் சத்தத்தையும் ஏற்றியிருந்தோம். கீழ் ஒலி அளவுக்கு மீறிச் சத்தமாகக் காதில் விழுந்தால், இருப்பதைவிடச் சற்று இறக்கமாகத் தோன்றும். இரண்டாம் வருடப் பாடத்தில் அதற்கு நான்கு வரி இருந்தது. பரீட்சையில் கூடக் கேட்கவில்லை. கோவிந்தம்மாள் சுருதி பிசகவில்லை. அவர் காதுக்கு வந்த சுருதியோடு சரியாகச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

ஆனால் இது என் ஊகம். தெரியாமல் வாயைத் திறக்க எனக்குப் பயம்.

ரயில் போய்விட்டது. மைக்கைச் சற்று உயர்த்த அண்ணன் உள்ளே போனார். தணிகைமணி வெளியே படிக்கட்டில் நின்று போன் பேசினார். நான் மேஜை மேல் இருந்த இன்னொரு கறுப்பு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, அதே சத்தத்தில் ஹார்மோனியச் சுருதியைக் கேட்டேன். அதோடு சேர்ந்து மெல்ல ‘ம்’ பிடித்தேன். போனில் சுருதி காட்டும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். முள் நடுவில் நின்றது, பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. நான் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ் டிராயரில் அண்ணன் மைக் செட் நடத்திய காலத்து ஹெட்போன் ஒன்று கிடந்தது. தலைக்கு மெல்லிய தகடு, காதுக்குப் பஞ்சு. பஞ்சு பாதி உதிர்ந்திருந்தது. அதில் சத்தத்தைக் குறைத்து வைத்து மறுபடியும் ‘ம்’ பிடித்தேன். முள் நடுவிலேயே நின்றது. மூச்சு முடியும் வரை நின்றது.

மணி இரண்டு இருபத்தேழு.

தணிகைமணி உள்ளே வந்தார். “அந்தப் பொண்ணு ரெடியாத்தான் இருக்குதாம். இன்னா பண்றது சிவா?” என்று கேட்டார். அண்ணன் உள் அறையிலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் பேனா தட்டினால் முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

“அண்ணா,” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். நான் அந்த ஸ்டுடியோவில் அதுவரை வெளியாட்கள் முன்னால் பேசியதில்லை.

“அவங்க குரல்ல தப்பு இல்லீங்க. ஹெட்போன்ல இருக்குது. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போனை நீட்டினேன். கறுப்பைப் போட்டுக்கொண்டு அண்ணனையே ‘ம்’ பிடிக்கச் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு பிடித்தார். முள் சாய்ந்தது. பழையதைக் கொடுத்தேன். முள் நின்றது. அவர் இரண்டாவது முறை செய்து பார்த்தார். தணிகைமணி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“இத்தினி நாளா எல்லாரும் இதுலதான பாடினாங்க?” என்றார் அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பம்பையோடு பாடும்போது சொற்கள் துண்டு துண்டாக வந்து போகும், நீட்டி நிற்கும் இடம் கிடையாது, அதனால் தெரியவில்லை என்றேன். இதுவரை வந்த குழுக்கள் எல்லாம் நேராகப் பாட்டில் ஆரம்பித்தவை. விருத்தம் வைத்த குழு இது ஒன்றுதான்.

அண்ணன் எழுந்து சுவரில் இருந்த என் தாளைப் பிய்த்தார். நான்கு மூலையிலும் டேப்போடு வந்தது. மடித்து மேஜையில் வைத்தார். “எல்லாருக்கும் இத காட்டிகினு இருந்தேன்,” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப கோவிந்தம்மா சரியாத்தான் பாடுதா?” என்று தணிகைமணி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஆங்,” என்றேன்.

பழைய ஹெட்போனில் ஒரு சிக்கல் இருந்தது. அதில் ஓடுவது எல்லாம் வெளியே கசியும். பம்பை கசிந்து மைக்கில் விழுந்தால் பதிவு பாழ். விருத்தத்தை மட்டும் இதில் எடுத்துவிட்டு, பாட்டைத் தனியாகக் கறுப்பில் எடுக்கலாம், பிறகு ஒட்டிவிடலாம் என்றார் அண்ணன். சுருதி கொஞ்சம் கசிந்தாலும் குரலும் அதே சுருதிதான், கெடுதல் இல்லை.

தணிகைமணி ஒப்புக்கொள்ளவில்லை. விருத்தத்தின் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பம்பை விழ வேண்டும். இழுத்த அதே மூச்சில் பாட்டின் முதல் சொல் வர வேண்டும். அவர்கள் குழுவில் அப்படித்தான். நடுவில் மூச்சு வாங்கினால் காவடி தூக்கினவன் காலை முதல் படியிலிருந்து எடுக்க மாட்டான்.

“வெட்டி ஒட்டறதுன்னா அந்தப் பொண்ணே போதும்,” என்றார். “அது எப்படி வேணா ஒட்டிக்கும்.”

மணி இரண்டு முப்பத்து இரண்டு. மூன்று மணிக்கு முன்னால் இன்னும் இரண்டு வண்டிகள்.

“மாத்திடலாங்க,” என்றேன். “அவங்க இழுக்கும்போது நான் பின்னால நின்னு மாத்திடறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வயரைப் பிரிக்க ஆரம்பித்தார். பழைய ஹெட்போனுக்குச் சுருதி மட்டும் போகும்படி ஒரு வழி. கறுப்புக்குப் பம்பையும் போகும்படி இன்னொரு வழி. பம்பையைத் தணிகைமணி காலையிலேயே வாசித்துப் பதிவு செய்திருந்தார். கறுப்பு காதில் உட்காரும் அந்த நொடியில் அண்ணன் அதை ஓடவிட வேண்டும். முன்னால் விட்டால் கசியும். பின்னால் விட்டால் மூச்சு போதாது. என் கையைப் பார்த்துத்தான் அவர் பட்டனை அழுத்த முடியும்.

நான் உள்ளே போனேன். அறையில் கோவிந்தம்மாளின் வியர்வை வாசனையும் கனகாம்பரமும் இருந்தன. நடந்ததையும் செய்யப்போவதையும் மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவர் பழைய ஹெட்போனைக் கையில் வாங்கி, உதிர்ந்த பஞ்சைப் பார்த்தார்.

“இத மாட்டினா சரியாவுமா?”

“சரியாவும்க்கா.”

“அப்ப காலையில இருந்து நான் தப்பா பாடல.”

“இல்லக்கா. நான்தான்.”

அவர் ஹெட்போனைத் தலையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு முப்பத்தாறுக்குப் பதிவு ஆரம்பித்தது. நான் அவருக்குப் பின்னால், கறுப்பை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மூச்சு மைக்கில் விழாதபடி வாயை மூடிக்கொண்டேன். முதல் அடி. ஈரப் புடவையோடு படியேறி வருகிறேன் என்று வரும். இரண்டாம் அடி. இங்கே எனக்குத் திரை தெரியாது. கண்ணாடி வழியாக அண்ணனின் முகம்தான் தெரிந்தது. மூன்றாம் அடியில் அவர் திரைக்கு அருகே குனிந்தார். நான்காம் அடியில் தணிகைமணியும் குனிந்தார். யாரும் தலையை ஆட்டவில்லை. குரல் கோட்டை விட்டு விலகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சொல் ‘தணிகையிலே’. அந்த ‘லே’யை அவர் பிடித்தார்.

நான் பழையதைத் தூக்கினேன். தகடு அவர் கொண்டைப் பூவில் சிக்கியது. இழுத்தேன். பூ அறுந்து தகட்டோடு வந்தது. கறுப்பை ஒரு காதில் வைத்துவிட்டேன், இன்னொரு பக்கம் கன்னத்தில் நின்றது. அண்ணன் பட்டனை அழுத்திவிட்டார். பம்பை திறந்த பக்கத்தால் வெளியே கொட்டியது. கோவிந்தம்மாளின் மூச்சு அறுந்தது.

அண்ணன் கையைத் தூக்கினார். நிறுத்தம். மேஜைப் பக்கத்தில் தணிகைமணி போனைக் கையில் எடுத்திருந்தார். விரலால் திரையைத் தள்ளுவது தெரிந்தது.

“மன்னிச்சிருங்கக்கா,” என்றேன். தகட்டில் சிக்கியிருந்த பூவைப் பிரித்தெடுத்தேன்.

கோவிந்தம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கொண்டையில் மிச்சமிருந்த பூவை எடுத்துக் கண்ணாடி விளிம்பில் வைத்தார். கொண்டையை அவிழ்த்து, கழுத்துக்குக் கீழே இறக்கிச் சாதாரணப் பின்னலாகப் பின்னிக்கொண்டார்.

“நீ பின்னால நிக்காத,” என்றார். “முன்னால வா. உன் மூஞ்சி எனக்குத் தெரியணும். ‘லே’ புடிச்சதும் நானே தலைய குனியறேன். குனிஞ்சா மேல இருந்து எடுத்துட்டு மேல இருந்தே வெச்சிரு. படியில கூட அந்த எடத்துல நான் குனிஞ்சுதான் பாடுவேன்.”

இரண்டு நாற்பத்து மூன்று வண்டி வந்தது. தரை அதிர்ந்தது. நாங்கள் எதிரெதிரே நின்று அதைப் போகவிட்டோம். அந்த ஒன்றரை நிமிடமும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரையும் அவ்வளவு நேரம் நேராகப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. கண்ணை எடுக்கக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வண்டியின் கடைசிப் பெட்டி போனதும் அண்ணன் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரலைக் காட்டினார். இது ஒன்றுதான் என்று அர்த்தம். அடுத்தது இரண்டு ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு தணிகைமணி போன் செய்துவிடுவார்.

முதல் அடி. குரல் முன்னைவிட அடங்கி வந்தது. காது திறந்திருப்பதால் தன் குரல் அவருக்கே கேட்கிறது, கத்த வேண்டியதில்லை. இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் ஓர் இடத்தில் சற்றுக் கரகரத்தது. என் விரல்களில் வியர்வை. கறுப்பின் வளையம் வழுக்கியது. இறுக்கிப் பிடித்தேன். நான்காம் அடி.

‘லே’ வந்தது. அவர் கண்ணை என் மேலேயே வைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

எடுத்தேன். வைத்தேன். இரண்டு காதும் மூடின. மெத்தை அவர் காதில் உட்கார்ந்ததை என் உள்ளங்கை உணர்ந்த அதே நேரம் அவர் தோள் ஒருமுறை அதிர்ந்தது. பம்பை அவருக்குள் விழுந்துவிட்டது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அறையில் அந்த ‘லே’ மட்டும்தான் இருந்தது. அது மேலே ஏறி, வளைந்து, உடையாமல் பாட்டின் முதல் சொல்லுக்குள் போனது. அவர் தலை நிமிர்ந்தது. கால் தாளம் போட ஆரம்பித்தது. நான் பழைய ஹெட்போனை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். பாட்டு முடிய நான்கு நிமிடம் ஆனது.

வெளியே வந்தபோது அண்ணன் ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டிருந்தார். தணிகைமணி நின்றுகொண்டே கேட்டார். திரையில் பச்சை நேர்கோட்டின் மேலேயே ஓடியது. அவர் திரையைப் பார்க்கவில்லை. விருத்தம் முடிந்து பம்பை விழும் இடத்தை மட்டும் மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது முறையும் போடச் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

நான் கண்ணாடி வழியாகக் கோவிந்தம்மாளைப் பார்த்தேன். அவர் பாவாவின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாடி, இன்னிக்கு வர வேணாம்மா,” என்றார் தணிகைமணி போனில். “இல்லம்மா, உன்மேல ஒண்ணும் இல்ல. எங்க ஆளே பாடிட்டாங்க. ஆங். ஆங். கெளம்பிட்டியா? மன்னிச்சுக்கம்மா. வெச்சிர்றேன்.”

இரண்டு ஐம்பத்தைந்து வண்டி வந்து போனது. போனதும் தணிகைமணி உள் அறையின் கதவைத் திறந்து, வேலை முடிந்தது, கீழே போய் டீ குடிக்கலாம் என்றார். கோவிந்தம்மாள் நகரவில்லை.

“அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா பாவா?”

“சொல்லிட்டேன். நீ வா, டீ குடிக்கலாம்.”

“வரலன்னு ஒத்துக்கிச்சா?”

“ஒத்துக்கிச்சு.”

“அப்ப இன்னொருக்கா பாடறேன். மூணாவது அடி எனக்குப் புடிக்கல.”

நன்றாகத்தான் இருக்கிறது, மறுபடியும் எதற்கு என்று தணிகைமணி தொடங்கினார். கோவிந்தம்மாள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பஞ்சு உதிர்ந்த ஹெட்போன் இன்னும் என்னிடம்தான் இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீ போய் டீ குடி பாவா,” என்றார் கோவிந்தம்மாள். “எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆவும்.”